டிசிபி நோடும் பிரவுசர் நோடும் ஒரே வலையில்: இரண்டும் தெரிந்த மைய நோட் நடுவில் இருந்தும் பேச முடியவில்லை

கணுவலை கேட்டது:

ஜாவாஸ்கிரிப்ட் லிப்பி2பி (நிரல்கள் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்து பேச உதவும் நூலகம்), பதிப்பு 2. மொத்தம் மூன்று நோட்கள் (வலையில் பங்கேற்கும் நிரல்கள்).

அ: அளவீடுகளைச் சேகரிக்கும் நோட்.ஜேஎஸ் நிரல். டிசிபி ட்ரான்ஸ்போர்ட் (இணைக்கும் வழி) மட்டும்.
ஆ: மைய சர்வர். டிசிபி, வெப்சாக்கெட் இரண்டும்.
இ: பிரவுசரில் ஓடும் பக்கம். வெப்சாக்கெட் மட்டும்.

மூன்றிலும் குறியாக்கத்துக்கு நாய்ஸ், ஸ்ட்ரீம் பிரிக்க யாமக்ஸ். அ-விலிருந்து ஆ-வுக்கு டயல் செய்தால் உடனே இணைகிறது. இ-யிலிருந்து ஆ-வுக்கு டயல் செய்தால் "நோ வேலிட் அட்ரசஸ்" பிழை. இ-யிலிருந்து அ-வுக்கும் அதே பிழைதான். ஆ-வுக்கு இரண்டு ட்ரான்ஸ்போர்ட்டும் தெரியும்போது அதன் வழியாக அ-வும் இ-யும் தாமாகவே பேசிக்கொள்ள வேண்டாமா?

இன்னொன்று: ஆ-வில் இரண்டையும் 9001 போர்ட்டில் வைத்தால் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று நின்றுவிடுகிறது. வெப்சாக்கெட்டை 9002-க்கு மாற்றியதும் ஓடுகிறது. இது சரியான வழிதானா?

பொதிவழி:

போர்ட்டில் தொடங்குவோம். நீங்கள் செய்தது சரி. வெப்சாக்கெட் கேட்பானுக்கு அடியில் இருப்பது ஒரு எச்டிடிபி சர்வர். டிசிபி கேட்பான் வெறும் சாக்கெட். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் இரண்டும் தனித்தனியாகப் போர்ட்டைப் பிடிப்பவை, ஒன்றைப் பகிர முடியாது. ஆ-வின் கேட்கும் முகவரிகள் இப்படி இருக்கட்டும்:

/ஐபி4/0.0.0.0/டிசிபி/9001
/ஐபி4/0.0.0.0/டிசிபி/9002/டபிள்யூஎஸ்

தொடங்கியதும் "கெட் மல்டிஅட்ரஸ்" தரும் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள். 0.0.0.0 என்பது அந்தக் கணினியின் ஒவ்வொரு நெட்வொர்க் முகவரியாகவும் விரிந்திருக்கும். அதில் டபிள்யூஎஸ் (வெப்சாக்கெட்டைக் குறிப்பது) உள்ள வரி ஒன்றுகூட இல்லையென்றால், அந்த ட்ரான்ஸ்போர்ட்டை அமைப்பில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்து அந்தப் பிழை. டயல் செய்யும்போது லிப்பி2பி ஒவ்வொரு முகவரியையும் தன்னிடம் உள்ள ட்ரான்ஸ்போர்ட்களிடம் காட்டி, இதை எடுத்துக்கொள்வாயா என்று கேட்கும். டபிள்யூஎஸ் உள்ள முகவரியை டிசிபி ட்ரான்ஸ்போர்ட் தொடாது. டபிள்யூஎஸ் இல்லாததை வெப்சாக்கெட் தொடாது. எதுவுமே எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாமல் இந்தப் பிழை வரும். ஆகவே இதைப் பார்த்ததும் ஃபயர்வாலைத் துருவ வேண்டாம். முகவரியையும் ட்ரான்ஸ்போர்ட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

ஆ ஏன் பாலமாக இருக்கவில்லை என்றால், கனெக்ஷன் எப்போதும் இரண்டு நோட்களுக்கு இடையே மட்டும். அ-ஆ ஒரு கனெக்ஷன், ஆ-இ இன்னொன்று. இரண்டையும் ஒட்டும் வேலையை ஆ தானாகச் செய்யாது. அதற்கு ரிலே (நடுவில் நின்று தரவைக் கடத்தும்) சேவையையோ காசிப்சப் போன்ற செய்தி பரப்பும் சேவையையோ நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

நிரல்நாடி:

இ-ஆ இணைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே முகவரி சரியாக இருந்தும் தோற்கும்; பிரவுசரில் தடை இரண்டு இடங்களில் உண்டு.

முதல் தடை லிப்பி2பி-யே வைத்தது. பிரவுசரில் ஓடும்போது அதன் இயல்பான கனெக்ஷன் கேட்டர் (எந்த இணைப்பை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் பகுதி), 127.0.0.1, 192.168 போன்ற உள்வலை முகவரிகளையும் டிஎல்எஸ் (குறியாக்கம்) இல்லாத வெப்சாக்கெட்டையும் டயல் செய்ய விடாது. உங்கள் கணினியிலேயே சோதிக்கும்போது இந்த இரண்டிலும் சிக்கிக்கொள்வீர்கள். அமைப்பில் கனெக்ஷன் கேட்டருக்குள் "டினை டயல் மல்டிஅட்ர்" என்ற ஃபங்ஷனை எப்போதும் ஃபால்ஸ் திருப்பும்படி எழுதினால் திறந்துவிடும். சோதனைக்கு மட்டும் அப்படி வையுங்கள்.

இரண்டாவது பிரவுசரின் தடை. பக்கம் எச்டிடிபிஎஸ்-ல் இருந்தால் டபிள்யூஎஸ் அனுமதி இல்லை, டபிள்யூஎஸ்எஸ் (டிஎல்எஸ் உள்ள வெப்சாக்கெட்) வேண்டும். இதைத் தாண்டப் பக்கத்தின் நிரலுக்குள் வழி கிடையாது. சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற பிராக்ஸியை (முன்னால் நின்று இணைப்பை உள்ளே கடத்தும் நிரல்) வைத்து 443-ல் டிஎல்எஸ் முடித்து, உள்ளே 9002-க்கு அனுப்புங்கள். அதில் எச்டிடிபி பதிப்பு 1.1 என்று குறித்து, அப்கிரேட், கனெக்ஷன் என்ற இரண்டு ஹெடர்களையும் கடத்த வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்க உடன்பாடு) முறியும். என்ஜின்எக்ஸின் ரீட் டைம்அவுட் இயல்பாக 60 விநாடி. அந்த நேரம் ஒரு பைட்டும் வராவிட்டால் இணைப்பை அறுத்துவிடும். "ஒரு நிமிடத்தில் தானாகத் துண்டிக்கிறது" என்று தோன்றினால் முதலில் இதைக் கூட்டிப் பாருங்கள்.

இப்படி முன்னால் பிராக்ஸி இருப்பது ஆ-வுக்குத் தெரியாது. 9002 முகவரியைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். /டிஎன்எஸ்4/உங்கள்-டொமைன்/டிசிபி/443/டபிள்யூஎஸ்எஸ் என்பதை "அப்பெண்ட் அனவுன்ஸ்" பட்டியலில் சேர்த்துவிடுங்கள். "அனவுன்ஸ்" பட்டியலில் போட்டால் மற்ற முகவரிகளை அது மறைத்துவிடும், அ-வுக்குத் தேவையான 9001-உம் சேர்ந்து காணாமல் போகும்.

டிஎல்எஸ் வந்துவிட்டதே என்று நாய்ஸை எடுத்துவிட வேண்டாம். டிஎல்எஸ் டொமைன் பெயரை மட்டும் உறுதி செய்து பிராக்ஸியோடு முடிந்துவிடுகிறது. எதிரே இருப்பது எந்தப் பியர் ஐடி (நோட்டின் தனி அடையாளம்) என்பதை நிரூபிப்பது நாய்ஸ்தான்.

கணுவலை:

இரண்டு தடைகளும் அப்படியே இருந்தன. கேட்டரை மாற்றியதும் உள்ளூரில் இணைந்தது. சர்வரில் 443 வழியாகவும் இணைகிறது. மிக்க நன்றி.

இனி அ-இ. அ சில விநாடிகளுக்கு ஒருமுறை சிறிய அளவீடு அனுப்பும். இடையிடையே இ கேட்டால் சுமார் 5 எம்பி கோப்பு ஒன்றும் தர வேண்டும். அ வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது, வெளியிலிருந்து எட்டாது. காசிப்சப்பா, ரிலேயா?

ஓடைவழி:

இரண்டுமே. ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

அளவீடுகளுக்குக் காசிப்சப். அதில் பலர் தவறவிடுவது: ஆ-வும் அந்தத் தலைப்புக்கு சப்ஸ்கிரைப் செய்திருக்க வேண்டும். செய்யாத நோட் செய்தியைக் கைமாற்றாது. அ, இ இரண்டும் சப்ஸ்கிரைப் செய்து, நடுவில் ஆ செய்யாமல் இருந்தால் எதுவும் போய்ச் சேராது. இணைந்த மறுகணமே பப்ளிஷ் செய்தாலும் "கேட்பவர் யாருமில்லை" என்ற பிழை வரும். சப்ஸ்கிரிப்ஷன் தகவல் பரவச் சற்று நேரம் கொடுங்கள், அல்லது சப்ஸ்கிரைபர் பட்டியலில் ஒருவராவது வந்த பிறகு அனுப்புங்கள்.

கோப்புக்கு ரிலே. ஆ-வில் சர்க்யூட் ரிலே சர்வர் சேவை, அ-விலும் இ-யிலும் சர்க்யூட் ரிலே ட்ரான்ஸ்போர்ட், மூன்றிலும் ஐடென்டிஃபை (நோட்கள் தம்மை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்யும்) சேவை. பிறகு அ தன் கேட்கும் முகவரியில் ஆ-வின் டிசிபி முகவரியை எழுதி, கடைசியில் /பி2பி-சர்க்யூட் சேர்க்க வேண்டும். அப்போதுதான் ஆ-விடம் அதற்கு இடம் ஒதுக்கப்படும். ஒதுக்கீடு இல்லாமல் இ டயல் செய்தால் "நோ ரிசர்வேஷன்" என்று ஆ மறுத்துவிடும். இ டயல் செய்ய வேண்டிய முகவரி:

/டிஎன்எஸ்4/உங்கள்-டொமைன்/டிசிபி/443/டபிள்யூஎஸ்எஸ்/பி2பி/ஆ-ஐடி/பி2பி-சர்க்யூட்/பி2பி/அ-ஐடி

சர்க்யூட்டுக்கு இடப்பக்கம் இ எப்படி ஆ-வை அடைவது என்பது. வலப்பக்கம் யாரைக் கேட்கிறது என்பது மட்டும். அ எந்த ட்ரான்ஸ்போர்ட்டில் ஆ-வோடு இருக்கிறது என்று இ-க்குத் தெரியவே வேண்டாம். நீங்கள் முதலில் எதிர்பார்த்த பாலம் இதுதான்.

ஆனால் ரிலே கனெக்ஷனுக்கு இயல்பான வரம்பு 2 நிமிடம், 128 கேபி. 5 எம்பி கோப்பு பாதியில் அறுந்துவிடும். அது மட்டுமல்ல, வரம்புள்ள கனெக்ஷனில் உங்கள் புரோட்டோகால் ஓட வேண்டுமானால் அ-வில் ஹேண்ட்லரை (வரும் ஸ்ட்ரீமைக் கையாளும் ஃபங்ஷன்) பதியும்போதும், இ-யில் ஸ்ட்ரீம் திறக்கும்போதும் "ரன் ஆன் லிமிட்டெட் கனெக்ஷன்" என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதாது.

ஆ உங்கள் சொந்த சர்வர் என்பதால், ரிசர்வேஷன் அமைப்பில் "அப்ளை டிஃபால்ட் லிமிட்" என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் வரம்பு போய்விடும். ஆனால் பொதுவெளியில் திறந்திருக்கும் ரிலேயில் அதைச் செய்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் பேண்ட்வித்தைத் தின்னலாம்.

நான் பரிந்துரைப்பது வெப்ஆர்டிசி (பிரவுசரிலிருந்தும் நேரடி இணைப்பு தரும் முறை). அ-விலும் இ-யிலும் அந்த ட்ரான்ஸ்போர்ட்டைச் சேர்த்து, அ-வின் கேட்கும் முகவரிகளில் ஏற்கெனவே உள்ள சர்க்யூட் வரியோடு /வெப்ஆர்டிசி என்பதையும் போடுங்கள். அப்போது ரிலே வழியாகப் போவது இணைப்புப் பேச்சுவார்த்தை மட்டும். அதற்கு 128 கேபி தாராளம். கோப்பு நேராக அ-விலிருந்து இ-க்குப் போகும். இரு பக்கமும் சிமெட்ரிக் நாட் ரவுட்டர் (ஒவ்வொரு எதிர்முனைக்கும் வேறு வெளிப் போர்ட் தருவது) போன்ற தடை இருந்தால் இது தோற்கலாம், அந்த நிலைக்கு ரிலேயை விட்டுவையுங்கள்.

பொதிவழி:

ரிலே வைப்பதற்கு முன் ஆ-வுக்கு நிலையான சாவி கொடுத்துவிடுங்கள். சாவி தராவிட்டால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய பியர் ஐடி உருவாகும். அ-வின் அமைப்பில் பழைய ஆ-ஐடி இருக்கும், போர்ட் திறந்திருந்தும் நாய்ஸ் கைகுலுக்கலில் ஐடி பொருந்தாமல் தோற்கும். பிரைவேட் கீயை ஒருமுறை உருவாக்கி, புரோட்டோபஃப் வடிவில் கோப்பில் வைத்து, தொடங்கும்போது அமைப்பில் கொடுங்கள்.

எந்த இடத்தில் முறிகிறது என்று பார்க்க, நோட்.ஜேஎஸ்-ல் டீபக் என்ற சூழல் மாறிக்கு லிப்பி2பி:* என்று மதிப்பு கொடுங்கள். பிரவுசரில் லோக்கல் ஸ்டோரேஜில் டீபக் என்ற பெயரில் அதே மதிப்பு. குரோமில் கன்சோலின் நிலையை வெர்போஸ் ஆக்காவிட்டால் அந்த வரிகள் கண்ணில் படாது.