டேங்கில் காற்று இருந்தால் கம்ப்ரஸர் மறுபடி ஓடுவதில்லை, ஃபியூஸ் போகிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் 12 வோல்ட் கம்ப்ரஸரைப் பின்பக்கம் மாட்டி, ஒரு சின்ன ஏர் டேங்கும் வைத்தேன். பேட்டரியிலிருந்து பாசிட்டிவ், எர்த் இரண்டுமே 4 சதுர மி.மீ. வயர், ஒவ்வொன்றும் 5 மீட்டர். ரிலே உண்டு, 40 ஆம்ப் ஃபியூஸ். பிரஷர் சுவிட்ச் 110 பி.எஸ்.ஐ.யில் ஆன், 145-ல் ஆஃப்.

காலி டேங்க் என்றால் அருமையாக ஏறி 145-ல் நிற்கிறது. ஒரு டயருக்குக் காற்று அடித்து 110-க்கு இறங்கியதும் மோட்டார் 'ம்ம்' என்று முனகுகிறது, அடுத்த நொடி ஃபியூஸ் போய்விடுகிறது. கடையில் 60 ஆம்ப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். போடலாமா? இன்னொன்று, இரவு நிறுத்தினால் காலைக்குள் டேங்க் காலி. சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன், எங்கும் குமிழி இல்லை.

பதில் 1:
60 போடவே போடாதீர்கள். ஃபியூஸ் காப்பது வயரை. மோட்டார் சிக்கி நின்றால் அந்த 4 சதுர மி.மீ. வயர்தான் சூடாகி எரியும், அதுவும் கார்பெட்டுக்கு அடியில்.

எஞ்சின் ஓடும்போது, கம்ப்ரஸரும் ஓடட்டும், பேட்டரி முனையில் ஒரு ரீடிங், மோட்டார் முனையில் ஒரு ரீடிங் எடுத்துச் சொல்லுங்கள். போக வர 10 மீட்டர் செம்பு வயர், 30 ஆம்ப் இழுத்தால் சுமார் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரண்ட் பல மடங்கு, இழப்பும் அப்படியே.

பதில் 2:
வயர் பாதிக் கதைதான். இரவில் டேங்க் இறங்குகிறது, குமிழியும் இல்லை என்கிறீர்களே, அங்கேதான் விஷயம். காற்று வெளியே கசியவில்லை, கம்ப்ரஸர் வழியாகத் திரும்பிப் போகிறது. செக் வால்வ், அதாவது டேங்க் காற்றைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் வால்வ், மூடவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் பிஸ்டனுக்கு மேலே எப்போதும் 110 பி.எஸ்.ஐ. உட்கார்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அதைத் தள்ளிவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் மோட்டாருக்கு அது பாறை மாதிரி.

145-ல் நின்றதும் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' நிற்காமல் வந்தால் வால்வ்தான். திறப்பதற்கு முன் டேங்கை முழுக்கக் காலி செய்யுங்கள், இதில் அவசரம் வேண்டாம்.

அப்புறம், கம்ப்ரஸரிலிருந்து வரும் முதல் ஹோஸ் என்ன? அங்கே காற்று கொதிக்கக் கொதிக்க வரும். நைலான் டியூப் இளகிப் பிய்ந்துவிடும், ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ் வேண்டும்.

கேட்டவர்:
ஸ்டீல் பின்னல் ஹோஸ்தான் அண்ணா. பேட்டரியில் 13.9, மோட்டாரில் 12.6. ஃபில்டரில் 'ஸ்ஸ்' தெளிவாகக் கேட்டது, பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. நாளை வால்வைக் கழற்றுகிறேன்.

பதில் 1:
1.3 வோல்ட் இழப்பு, கணக்கு அப்படியே வந்துவிட்டது. இரண்டு வயரையும் 16 சதுர மி.மீ. ஆக்குங்கள், இழப்பு 0.3 அளவுக்கு இறங்கும். ஃபியூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேட்டவர்:
கழற்றினேன். வால்வின் சீட்டில் வெள்ளை டெஃப்லான் டேப் ஒரு நூல் அளவு சிக்கி, மூடி முழுதாக உட்காராமல் தடுத்திருந்தது. மரையில் நுனிவரை சுற்றிவிட்டேன், அந்தத் துணுக்குதான் உள்ளே போயிருக்கிறது. துடைத்து, இந்தத் தடவை முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றினேன். வயரும் மாற்றியாயிற்று.

இன்று நான்கு டயருக்கும் அடித்தேன். மூன்று தடவை 110-ல் தானாகவே கிளம்பியது, அதே 40 ஆம்ப் ஃபியூஸ் நிற்கிறது. நேற்றிரவு 145-ல் விட்ட டேங்க் காலையில் 140 காட்டியது. பழைய வயரை உருவும்போது கிரிம்ப் (வயர் நுனியில் நெருக்கிப் பிடித்த இணைப்பு) பக்கத்தில் இன்சுலேஷன் பழுப்பேறி இருந்தது. 60 ஆம்ப் ஃபியூஸை வண்டியில் வைக்கவே இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி.