புதுப்பிப்பு: முழங்காலுக்குப் பிரேஸ் வாங்கிவிட்டேன்

மண், கல் பாதையில் பைக் (ஆஃப்ரோடு) ஓட்டச் சாதாரண முட்டிக் கவசம் (knee guard) போதுமா, பக்கவாட்டில் கீல் வைத்த பிரேஸ் வேண்டுமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரேஸே வாங்கிவிட்டேன்.

முட்டி கல்லில் இடிபட்டால் தாங்க கார்டு போதும். இடி தாங்கும் கவசங்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1621-1 குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். என் பயம் வேறு. வளைவில் காலை ஊன்றும்போது பாதம் மண்ணில் சிக்கி, வண்டி முன்னே போய்விட்டால் முட்டி முறுக்கிக்கொள்ளும். லிகமெண்ட் (மூட்டில் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் நார்) கிழிவது பெரும்பாலும் அப்படித்தான். முட்டி நேர்நிலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் வளைவதைப் பிரேஸ் தடுக்கிறது. முறுக்கலைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது.

முதலில் பேன்ட் சைஸை வைத்து வாங்கினேன், தப்பு. அரை மணி நேரத்தில் வழுக்கி இறங்கிவிட்டது. அப்புறம் முட்டிச்சில்லின் நடுவிலிருந்து 15 செ.மீ. மேலே தொடையையும், 15 செ.மீ. கீழே கெண்டைக்காலையும் சுற்றி அளந்து மாற்றினேன். கீல் சில்லுக்கு நேராக நிற்க வேண்டும்.

பூட்ஸோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள். நின்று ஓட்டும்போது என் பூட்ஸின் மேல் விளிம்பு பிரேஸின் அடியில் இடித்தது. பூட்ஸின் மேல் பக்கிளைக் கொஞ்சம் தளர்த்தினேன், சரியாகிவிட்டது.