புதுப்பிப்பு: பீடிங் விரிசலுக்குக் காரணம் ஆணியின் கனமும் நுனியும்தான்

ஆணித் துப்பாக்கியால் 16 கேஜ் ஆணி (கேஜ் என்பது தடிமனைக் குறிக்கும் எண்; எண் கூடினால் ஆணி மெல்லியது) அடிக்கும்போது கதவு நிலையைச் சுற்றிய பீடிங்கின், அதாவது ஓரத்தை மறைக்கும் மெல்லிய பலகையின், முனைகள் பிளப்பது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வேலை முடிந்துவிட்டது. 12 மி.மீ. கனமுள்ள அந்தப் பலகைக்கு ஏறத்தாழ 1.6 மி.மீ. தடிமன் கொண்ட 16 கேஜ் ஆணி அதிகம் என்பதால், சுமார் 1.2 மி.மீ. தடிமனுள்ள 18 கேஜுக்கு மாறினேன். நீளத்தில், பலகைக் கனத்தைப் போல் மூன்று மடங்கு என்ற கணக்கில் 38 மி.மீ. எடுத்தேன், அப்போதுதான் ஆணியின் பெரும்பகுதி பின்னாலுள்ள மரத்தைப் பிடிக்கும்.

இருப்பினும் ஓரிரு முனைகள் பிளந்தன. இவ்வாணிகளின் நுனி உளி போன்றது என்பதை நான் கவனித்திருக்கவில்லை. அந்த நுனி மரத்தின் ரேகையை ஆப்புப்போல் பிளக்காமல் குறுக்கே வெட்டும்படி துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, முனையிலிருந்து சற்றுத் தள்ளி அடித்த பிறகே விரிசல் நின்றது. வளைந்த ஆணி பக்கவாட்டில் வெளிவரக்கூடும் என்பதால், பலகையைப் பிடிக்கும் கையைத் தள்ளியே வைத்திருந்தேன்.

மூலை இணைப்புகளுக்குத் தலையற்ற 23 கேஜ் ஊசி ஆணிகள் போதுமானவையாக இருந்தன. அவை பசை காயும்வரை பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. சுவரோரம் தரையையொட்டி வரும் தடித்த அடிப்பலகைகளுக்கு 16 கேஜையே தொடர்கிறேன். குளியலறைக் கதவில் மட்டும், துரு பெயிண்டை மீறிக் கசியாதிருக்கத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பயன்படுத்தினேன்.