ஓபி கூட்டத்துல சீரியஸான குழந்தைய முதல்லயே எப்படி கண்டுபிடிக்கிறீங்க?

புது ஸ்டாஃப் நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம், கிராமத்து பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) ஒண்ணுல சேந்து நாலு மாசம் ஆகுது. போன திங்கக்கிழமை ஓபி-ல சரியான கூட்டம், எட்டு மாச பாப்பாவ தோள்ல சாச்சுகிட்டு ஒரு அம்மா வரிசைல நின்னாங்க, பாப்பா அழவே இல்ல, தூங்குதுன்னு நானும் விட்டுட்டேன், முக்கா மணி நேரம் கழிச்சு சட்டைய தூக்கி பாத்தா ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு கீழ குழி விழுது. டாக்டர் உடனே ஆக்சிஜன் வச்சு 108ல அனுப்பினாங்க. பாப்பா இப்ப நல்லாருக்கு, எனக்குத்தான் தூக்கமே வரல. உங்க இடத்துல என்ன பண்றீங்க?

சீனியர் சிஸ்டர்:
தங்கச்சி, கத்தி அழுற குழந்தைய விட துவண்டு கிடக்குற குழந்தையதான் முதல்ல பாக்கணும். எங்க சென்டர்ல டோக்கன் குடுக்கும்போதே கேட்டுருவோம்: பால் தண்ணி குடிக்குதா, குடிச்சது எல்லாமே வாந்தியா வந்துடுதா, வலிப்பு வந்துச்சா, எழுப்பினா முழிக்குதா. இதுல ஒண்ணு சரியில்லன்னாலும் வரிசை கிடையாது, நேரா டாக்டர் ரூம்தான். இருமல்னு வந்தா மூச்ச எண்ணு, முழுசா ஒரு நிமிஷம், அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காத, பச்சக்குழந்தைக்கு மூச்சு ஒரே சீரா இருக்காது. அழுக அடங்கினப்புறம் எண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40, அந்த எண்ணிக்கையோ அதுக்கு மேலயோ இருந்துச்சுன்னா வேகமான மூச்சு. இத ஒரு அட்டைல எழுதி டேபிள்ல ஒட்டி வை.

வி.எச்.என் (கிராம சுகாதார செவிலியர்) அக்கா:
பேதி கேஸ்லயும் கவனம் வேணும்மா. ஓ.ஆர்.எஸ் (உப்பு சர்க்கரை கரைசல் பொடி) பாக்கெட்ட கைல குடுத்து அனுப்பினா வேல முடிஞ்சிடாது, ஒரு லிட்டர்ல கலக்க வேண்டியத ஒரு டம்ளர்ல கொட்டி கலக்கி குடுத்த வீட்ட நானே பாத்திருக்கேன், அப்படி குடுத்தா உப்பு ஏறி குழந்தைக்கு ஆபத்து. இப்பல்லாம் அம்மாவையே என் முன்னாடி கலக்க சொல்லி, ஸ்பூன் ஸ்பூனா ஊட்ட வச்சு பாத்துட்டுதான் அனுப்புறேன். ஜிங்க் மாத்திரைய பேதி நின்ன உடனே நிறுத்திடுவாங்க, 14 நாளும் குடுக்கணும்னு அழுத்தி சொல்லு.

ரெண்டு பசங்களோட அம்மா:
சிஸ்டர், வரிசைல நிக்கும்போது எங்களுக்கே உள்ளுக்குள்ள தெரியும் புள்ளைக்கு முடியலன்னு, ஆனா முன்னாடி போய் சொன்னா திட்டுவாங்களோன்னு பயம். நீங்களா வந்து "பாப்பா பால் குடிச்சுதாம்மா"ன்னு ஒரு வார்த்த கேட்டா போதும், எல்லாத்தையும் சொல்லிடுவோம்.

புது ஸ்டாஃப் நர்ஸ்:
ரொம்ப நன்றிக்கா. நாளைக்கு டோக்கன் குடுக்குற அண்ணன்கிட்டயும் அந்த நாலு கேள்விய சொல்லிக் குடுக்கப் போறேன், அரை மணிக்கு ஒருவாட்டி நானே எந்திரிச்சு வரிசைய ஒரு சுத்து பாத்துட்டு வரேன்.