பட்டறையில் பவர் கண்ணாடிக்காரர்களுக்கு எது சரி: மேலே மாட்டும் ஓவர் கிளாஸா, பவர் போட்ட சேஃப்டி கண்ணாடியா?

கோத்தகிரி_பிட்டர்:
தேயிலை ஃபேக்டரி பட்டறைக்குக் கண் பாதுகாப்புச் சாமான் வாங்க வேண்டும். ஆறு பேரில் நாலு பேர் பவர் கண்ணாடி போடுகிறவர்கள். அதில் இரண்டு பேருக்கு வெள்ளெழுத்து, பைஃபோகல் (மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று இரண்டு பவர் உள்ள லென்ஸ்). வேலை: சிடிசி ரோலர் (தேயிலையை நசுக்கிக் கிழிக்கிற பல் உருளை) மில்லிங், சேஸிங் (இரண்டும் ரோலரில் பல் வெட்டுகிற வேலை), 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், கொஞ்சம் ஆர்க் வெல்டிங். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற ஓவர் கிளாஸ் போதும் என்கிறார்கள் சிலர். பவர் போட்டே சேஃப்டி கண்ணாடி செய்துவிடலாம் என்கிறார்கள் மற்றவர்கள். காரணத்தோடு சொல்லுங்க.

குன்னூர்_வெல்டர்:
ஓவர் கிளாஸ்தான் தம்பி. கிரைண்டர் பொறி லென்ஸில் பட்டால் உருகிய இரும்பு அப்படியே ஒட்டி உள்ளே பதிந்துவிடும், துடைத்தால் போகாது. பாலிகார்பனேட் (சேஃப்டி லென்ஸ் செய்கிற அடி தாங்கும் பிளாஸ்டிக்) மிருதுவான பொருள், சீக்கிரம் கீறல் விழும். கிரைண்டரே கதியாக இருக்கிறவனுக்குச் சில மாதத்தில் லென்ஸ் மங்கிவிடும். சில நூறு ரூபாய் ஓவர் கிளாஸைத் தூக்கிப் போட்டு வேறு மாட்டலாம். பல ஆயிரம் கொடுத்துச் செய்த பவர் லென்ஸை யார் தூக்கிப் போடுவார்கள்? கீறலோடேயே போட்டுக்கொண்டு திரிவார்கள். கீறல் விழுந்த லென்ஸ் அடி பட்டால் அந்த இடத்தில்தான் முதலில் விரியும்.

லவ்டேல்_லேத்:
அண்ணா, லென்ஸ் கெடுவது உண்மைதான். ஆனால் ஓவர் கிளாஸ் என்றால் கண்ணுக்கு முன்னால் இரண்டு லென்ஸ், நாலு பரப்பு. நாலிலும் தூசி, நாலிலும் விளக்கு வெளிச்சம் திருப்பி அடிக்கும். உதகையிலும் கோத்தகிரியிலும் டிசம்பர் காலையில் பட்டறைக்குள் 10 டிகிரி. மூச்சு 34 டிகிரி, முழு ஈரம். இரண்டு லென்ஸுக்கும் நடுவே அடைபட்ட காற்றில் அந்த ஈரம் போய் நின்றால் துடைக்க விரலே நுழையாது. இரண்டையும் கழற்றித்தான் துடைக்க வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றுகிறான் பாருங்க, அந்த அரை நிமிடத்தில்தான் கண்ணில் படும்.

காதுக்கு மஃப் போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. காதோரம் இரண்டு காம்பு போனால் மஃப் மெத்தை தோலோடு ஒட்டாது. அந்த இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே போகும்.

கொடை_கடைசல்:
லென்ஸில் படிகிற பனி பற்றி ஒன்று சேர்க்கிறேன். கொடைக்கானல் மரப் பட்டறைகளிலும் இதே பாடுதான், ஆனால் ஃபேக்டரியில் இன்னும் மோசம். ஃபெர்மென்டிங் அறையில் (இலையைப் புளிக்க வைக்கிற இடம்) காற்று ஈரம் 90 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பார்கள். குளிர்ந்த பட்டறையிலிருந்து அங்கே நுழைந்தால் லென்ஸ் ஒரே நொடியில் வெள்ளை. பனி தடுக்கும் பூச்சும் அதைத் தாங்காது. கண்ணாடியின் சூடு அறைச் சூட்டுக்கு வரும் வரை வாசலிலேயே இரண்டு நிமிடம் நிற்பதுதான் வழி.

சாதாரணப் பனிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. முதலில் தண்ணீரில் அலசித் தூளை ஓட்டிவிட்டு, திரவத்தை உள்பக்கம் விரலால் தடவி, மெல்லிய துணியால் ஈரம் காய்கிற வரை ஒற்றி எடுங்க. ஒரு ஷிப்ட் தாங்கும். பனி தடுக்கும் பூச்சு போட்ட லென்ஸுக்கு இது வேண்டாம், அந்தப் பூச்சு போய்விடும். தின்னர், அசிட்டோன் பாலிகார்பனேட் பக்கமே வரக்கூடாது. முதலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பிறகு தட்டினாலே உடையும்.

குன்னூர்_வெல்டர்:
சரி, பனி இருக்கட்டும். வேகத்தைப் பேசுவோம். 100 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று என்றால் அதன் ஓரம் விநாடிக்கு சுமார் 57 மீட்டர், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிவந்த ஈஎன் 166 தரத்தில் கண்ணாடி வடிவத்தில் வருகிற எதற்கும் 'எஃப்' குறிதான் உச்சம், விநாடிக்கு 45 மீட்டர். முகத்தோடு ஒட்டிக் கண்ணைச் சுற்றி மூடுகிற கூகுள்ஸுக்கு 'பி', 120 மீட்டர். முகத் தடுப்புக்கு மட்டும் 'ஏ', 190 மீட்டர். பவர் போட்ட சேஃப்டி கண்ணாடி எவ்வளவு உசத்தி என்றாலும் அது கண்ணாடி வடிவம்தான். கிரைண்டருக்கு அது மட்டும் எப்படிப் போதும்?

லவ்டேல்_லேத்:
வேகத்தை மட்டும் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். எடையையும் சேர்த்துப் பாருங்க. அந்த 'எஃப்' சோதனையில் அடிப்பது 6 மி.மீ. எஃகுக் குண்டு, 0.86 கிராம். அதன் ஆற்றல் சுமார் 0.9 ஜூல். ஒரு மில்லிகிராம் பொறி 57 மீட்டர் வேகத்தில் வந்தாலும் அதில் ஐநூறில் ஒரு பங்குகூட வராது. தூளுக்கும் பிசிருக்கும் கண்ணாடி தாராளம்.

பயப்பட வேண்டியது வீல் உடைவதற்கு. 5 கிராம் துண்டு அதே வேகத்தில் கிளம்பினால் 8 ஜூல். 'பி' குறி கூகுள்ஸ் சோதனையே 6 ஜூல்தான். 'ஏ' குறி முகத் தடுப்பு 15 ஜூல். அதனால் கிரைண்டர் கையில் எடுத்தால் முகத் தடுப்பு கட்டாயம், நீங்க சொன்னது சரி. ஆனால் அந்த முகத் தடுப்புக்குள்ளே ஓவர் கிளாஸும் பவர் கண்ணாடியும் இரண்டும் எதற்கு? பவர் சேஃப்டி கண்ணாடி ஒன்று போதும். முகத் தடுப்பு கீழே திறந்திருப்பது, நெஞ்சில் பட்டுத் தெறித்து மேலே ஏறுகிற பொறியை உள்ளே இருக்கும் கண்ணாடிதான் நிறுத்த வேண்டும். முகத் தடுப்பு இருக்கிறதே என்று கண்ணாடியை விட்டால் அது தவறு.

குன்னூர்_வெல்டர்:
கணக்கு சரி தம்பி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடையில் 'பாலிகார்பனேட் லென்ஸ் போட்டாச்சு' என்று சொல்லிக் கொடுப்பதை எல்லாம் சேஃப்டி கண்ணாடி என்று நம்பி வருகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீங்க?

உதகை_லென்ஸ்:
அதுதான் இந்தப் பேச்சிலேயே பெரிய ஓட்டை. சாதாரண ஃபிரேமில் பள்ளம் ஆழம் குறைவு. முன்னாலிருந்து அடி விழுந்தால் லென்ஸ் உடையாமலே முழுசாகக் கழன்று கண்ணுக்குள் குத்தும். சேஃப்டி ஃபிரேமில் பின்பக்கம் உதடு உயர்ந்திருக்கும், லென்ஸ் உள்பக்கம் வர முடியாது. பக்கத் தடுப்பும் ஃபிரேமோடு வர வேண்டும். தனியாக விற்கும் பிளாஸ்டிக் மடலைச் சாதாரணக் கண்ணாடியில் சொருகினால் தூசி கொஞ்சம் குறையும், அவ்வளவே.

ஆர்டர் கொடுக்கும்போது எழுதிக் கொடுக்க வேண்டியவை: ஃபிரேமிலும் காம்பிலும் 'இசட்87-2' குறி (அமெரிக்கத் தரத்தில் பவர் லென்ஸுக்கான சேஃப்டி ஃபிரேம் என்று பொருள்). லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் (அடி தாங்கும் இன்னொரு பிளாஸ்டிக்), மிக மெலிந்த இடத்தில் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சொல்லாவிட்டால் கிட்டப்பார்வை லென்ஸை நடுவில் 1 மி.மீ. சொச்சத்துக்குத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள், அழகாக இருக்கும் என்று. இருபுறமும் கீறல் தடுக்கும் பூச்சு. லென்ஸ் மூலையில் செய்த நிறுவனத்தின் குறியும் ஒரு கூட்டல் குறியும் பொறித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. ஓவர் கிளாஸோ கூகுள்ஸோ வாங்கினால் இந்தியத் தரம் ஐஎஸ் 5983. பெயிண்ட், தின்னர் புழங்குகிறவருக்கு டிரைவெக்ஸ் நல்லது, அது கரைப்பான்களைக் கூடுதலாகத் தாங்கும்.

கோத்தகிரி_பிட்டர்:
பைஃபோகல் இரண்டு பேர் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரோலரில் பல் வெட்டுகிறவர் அவர்களில் ஒருவர்.

உதகை_லென்ஸ்:
அவருக்குப் பைஃபோகலே வேண்டாம். பைஃபோகலின் கீழ்ப்பகுதி 40 செ.மீ. தூரத்துக்கு, கையில் பிடித்துப் படிக்கிற தூரத்துக்குச் செய்தது. கட்டர் முனை இருப்பதோ 50, 60 செ.மீ.யில், முகத்துக்கு நேரே. அதைக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்குவார். தூக்கினால் கன்னத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடுக்கு திறக்கும், சேஸிங்கில் சிதறும் ஸ்டெயின்லெஸ் ஊசித் துகளுக்கு அதுதான் வாசல். கழுத்து வலி வேறு.

மெஷினில் நிற்க வைத்து, கண்ணிலிருந்து கட்டர் முனை வரை டேப்பால் அளங்க. 60 செ.மீ. வந்தால் தூரப் பவரோடு சுமார் 1.75 கூட்டல், 50 செ.மீ. என்றால் 2.00. கண்ணுக்குள் மீதி இருக்கும் சக்தியைப் பொறுத்து கண் பரிசோதகர் இதைக் குறைப்பார். அந்த ஒரே பவரில் முழு லென்ஸ். நடக்கும்போது தூரம் மங்கலாகத் தெரியும், அதனால் அது மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும், படி ஏற வேண்டாம்.

மைனஸ் 6 போல அதிகப் பவர் உள்ளவருக்குக் கூகுள்ஸுக்குள் சொருகும் பவர் லென்ஸ் தருவதானால் தூரத்தைக் கவனிக்கணும். லென்ஸ் 8 மி.மீ. முன்னே தள்ளிப் போனாலே அதே பார்வைக்கு மைனஸ் 6.30 வேண்டியிருக்கும்.

கொடை_கடைசல்:
வெல்டிங்குக்கும் ஒரு வார்த்தை. ஹெல்மெட்டுக்குள் பைஃபோகலோடு தலையை அண்ணாந்து பற்றவைக்கிறவர்கள் உண்டு. ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் சொருகுகிற பெருக்கி லென்ஸ் கிடைக்கிறது, அதைப் போட்டால் தலை நேராக நிற்கும். கசடைத் தட்டும்போது ஹெல்மெட்டைத் தூக்கிவிடுவார்கள், அப்போது உள்ளே சேஃப்டி கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். சூட்டோடு தெறிக்கும் கசடு நேரே முகத்துக்குத்தான் வரும்.

குன்னூர்_வெல்டர்:
அதில் எனக்கு மறுப்பில்லை. இன்னொன்றையும் சுவரில் எழுதி ஒட்டுங்க: சுத்தியலால் கெட்டி எஃகை அடிக்கும்போது கண்ணில் ஏதோ சுருக்கென்று பட்டு, பார்வை சரியாகவே இருந்தாலும் சும்மா விடக் கூடாது. சின்னச் சில்லு கருவிழியைத் துளைத்து உள்ளே போயிருக்கலாம், வலி அதிகம் இருக்காது. கசக்காமல், அழுத்தாமல், ஒரு காகிதக் கப்பை மேலே கவிழ்த்து ஒட்டி அன்றைக்கே கோயம்புத்தூர் கண் மருத்துவமனைக்கு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே முப்பது கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸுக்குக் காத்திருக்காதீங்க. திராவகம், காரம் பட்டால் மட்டும் முதலில் தண்ணீர், 15 நிமிடத்துக்குக் குறையாமல், பிறகுதான் வண்டி.

கோத்தகிரி_பிட்டர்:
அப்படியானால் மில்லிங், சேஸிங் பார்க்கிற இரண்டு பேருக்குப் பவர் போட்டது. கிரைண்டர் ஆட்களுக்கு?

லவ்டேல்_லேத்:
அவர்களுக்கும் அதுவே, மேலே முகத் தடுப்பு. பொறி முகத் தடுப்பில்தான் படும், லென்ஸ் தப்பிக்கும். முகத் தடுப்பின் தகடு தனியாக மாற்றக் கிடைக்கும், மங்கினால் உடனே மாற்றுங்க.

குன்னூர்_வெல்டர்:
எப்போதாவது அரை மணி நேரம் கிரைண்டர் பிடிக்கிறவனுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்றே இன்னும் சொல்வேன். முகத் தடுப்பு, உள்ளே ஓவர் கிளாஸ், போதும். வாங்கும் முன் அவனவன் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்க. குனிந்து தலையை ஆட்டினால் நழுவக் கூடாது, உள்கண்ணாடியில் இடிக்கக் கூடாது, புருவத்துப் பக்கம் விரல் நுழையக் கூடாது. கூடுதலாக இரண்டு ஜோடி வாங்கிப் பட்டறை வாசலில் ஆணியில் தொங்கவிடுங்க. ரோலர் பார்க்க வருகிற மேனேஜர் பவர் கண்ணாடி போட்டிருந்தாலும் அதை மாட்டாமல் உள்ளே விடாதீங்க.