மறு: ‘அகக்குரல்’ போதுமா? ‘உட்பேச்சு’ என்று ஒரு முன்மொழிவு

வணக்கம். நாம் மனதுக்குள் நமக்கு நாமே சொல்லிக்கொள்வதை ஆங்கில உளவியலில் ‘inner speech’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற குழுவின் விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘அகக்குரல்’ என்றே வைத்துவிடலாமே. அழகாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. என் மொழிபெயர்ப்பு வரைவிலும் முதலில் அதைத்தான் போட்டேன். மனநோய் பற்றிய அத்தியாயம் வந்ததும் மாட்டிக்கொண்டேன். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்று மருத்துவரிடம் போகிறவர் படும் பாடு வேறு. சாவியைத் தேடும்போது “மேஜை… இல்லை, பை” என்று நாம் உள்ளுக்குள் சொல்லிக்கொள்வது வேறு. இரண்டுக்கும் ‘குரல்’ என்றால் படிக்கிறவர் வீணாகப் பயந்துபோவார். ‘உள்மனக் குரல்’ என்று நீட்டினாலோ, மனசாட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மனசாட்சி சாவி தேடாது.

இன்னொன்று. குரல் நம் காதில் விழுவது, பேச்சு நாம் செய்வது. நாம் செய்வதாக இருந்தால்தான் அதை மாற்றிப் பழகலாம் என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியும் இதைப் பேச்சாகத்தான் பார்த்தார். அவர் இறந்த 1934ஆம் ஆண்டிலேயே வெளிவந்த நூலில், பிறரோடு பேசிப் பழகிய பேச்சே குழந்தைக்குள் இறங்குகிறது என்கிறார். கட்டை அடுக்கும் நான்கு வயதுக் குழந்தையைக் கவனியுங்கள்: “சிவப்பை இங்க வை. ஐயோ, விழப்போகுது. பெருசு கீழே.” யாரிடமும் சொல்லவில்லை, வாய்விட்டுத்தான் சொல்கிறது. சில ஆண்டுகளில் அது முணுமுணுப்பாகிறது, பிறகு உதடு மட்டும் அசைகிறது, பிறகு வெளியே ஒன்றும் தெரிவதில்லை. உள்ளே போகப்போகச் சுருங்கவும் செய்கிறது. “பெருசு கீழே” என்பது வெறும் “கீழே” ஆகிவிடும். எதைப் பற்றி என்பது நமக்கே தெரியும் அல்லவா, எழுவாய் எதற்கு?

> அப்படியானால் ‘அகப்பேச்சு’ அல்லது ‘தற்பேச்சு’?

அகம் என்றால் இணைக்குப் புறம் வந்து நிற்கும். ‘புறப்பேச்சு’ என்றதும் புறம் பேசுவதுதான் ஞாபகம் வருகிறது. ‘தற்பேச்சு’ பக்கத்தில் தற்பெருமை உட்கார்ந்திருக்கிறது. உட்பேச்சு, வெளிப்பேச்சு என்ற இணையில் இந்தத் தொல்லை இல்லை. உட்பொருள், உட்பிரிவு போலப் புணர்ச்சியும் பழகியதுதான்.

குறளின் 125ஆம் அதிகாரத் தலைப்பான ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்பதை அம்மா ஒருவர் எடுத்துக்கொடுத்திருந்தார். நெஞ்சோடு பேசுவது என்ற பொருள் கச்சிதம். ஆனால் ‘கிளத்தல்’ இன்று கிளறுதல் மாதிரிதான் கேட்கிறது. 130ஆவது அதிகாரமான ‘நெஞ்சொடு புலத்தல்’ எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. அங்கே தலைவி தன் நெஞ்சையே கடிந்துகொள்கிறாள். தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் உட்பேச்சுக்கு ‘உட்புலத்தல்’ என்று ஒரு சொல் எடுக்கலாமா என்று ஆசை. கொஞ்சம் புலவர்தனமாக இருக்கிறது, தெரியும்.

இதற்கு வினைச்சொல் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ‘உட்பேசு’ வேண்டாம், ‘சொல்லிக்கொள்’ போதும். தனக்குத்தானே என்பதை அந்தக் ‘கொள்’ என்பதே சுமக்கிறது. (‘சொல்லிக்கொண்டு கிளம்பினான்’ என்றால் விடைபெறுவது. இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.)

எல்லா நினைப்பும் உட்பேச்சு அல்ல என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்ற உளவியலாளர் ஆட்களிடம் பீப் ஒலிக்கும் கருவியைக் கொடுத்து, ஒலித்த நொடியில் உள்ளே என்ன ஓடியது என்று குறிக்கச் சொன்னார். சிலருக்கு நிறையப் பேச்சு, சிலருக்குப் படங்கள், சிலரிடம் சொல்லே அபூர்வம்.

அப்புறம், உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவின் 2014 ஆய்வுக் கட்டுரை. பதற்றமான நேரத்தில் “நான் ஏன் உளறினேன்?” என்பதற்குப் பதில் தன் பெயரையோ ‘நீ’ என்றோ சொல்லிப் பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. இதற்குத் ‘தள்ளிநின்ற உட்பேச்சு’ என்று வைத்திருக்கிறேன். நேற்று இணைப்பில்லாமல் மடல் அனுப்பிவிட்டு “சரி, நீ இப்போது இணைப்பை மட்டும் அனுப்பு” என்று சொல்லிப் பார்த்தேன். வழக்கமான “முட்டாள்” வரவில்லை. தன்னையே ‘நீங்கள்’ என்று அழைத்துக்கொள்பவர் குழுவில் யாராவது உண்டா?

குழந்தை வாய்விட்டுப் பேசும் அந்த நடுக்கட்டத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘தனிப்பேச்சு’ என்று போட்டால், இருவர் ஒதுங்கிப் போய் ரகசியம் பேசுவது போல் இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.