தண்ணி வராத கதை: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க சொல்லுங்க

பென்னாகரம் பக்கத்து ஆள்:
ஒகேனக்கல் எங்களுக்குப் பக்கம். ஊரே வந்து எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டுப் போகும், நாங்க குடிச்சது போர் தண்ணி. என்கூடப் படிச்சவங்கள்ல நிறைய பேருக்குப் பல்லுல காவி. சேலத்துல காலேஜ் சேர்ந்தப்ப "வெத்தல போடுவியா?"ன்னு கேட்டாங்க. எல்லாம் அந்தப் போர் தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடுங்கிற உப்பாலதான். அது லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டக் கூடாதாம். எங்க பாட்டிக்கு முட்டி மடங்காமப் போனதுக்கும் அதுதான் காரணம்னு டாக்டர் சொன்னார்.

காவிரித் தண்ணியைக் குழாய்ல நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் கொண்டு வர்ற ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு மத்திய அரசு தடையில்லைன்னு சொன்னது 1998ல. அடிக்கல் 2008ல. அந்த வருஷம் கர்நாடகாவுல தேர்தல், அங்க இதை எதிர்த்து ஒரே போராட்டம். தேர்தல் முடியட்டும்னு கலைஞர் தள்ளி வச்சார். ஜப்பான் கடன் வாங்கிக் கட்டி, ஜெயலலிதா திறந்தது 2013ல. காவிரி எங்கயும் போகல, அங்கயேதான் ஓடிட்டிருந்துச்சு.

காவேரிப்பட்டணத்துலேர்ந்து:
அண்ணா, உங்களுக்குக் குழாய் வந்ததோட கதை முடிஞ்சுது. எங்களுக்கு அங்கதான் ஆரம்பம். மெயின் ரோட்டு வீடுகள்ல குழாய்லயே மோட்டார் மாட்டி உறிஞ்சிடுறாங்க. காலனி கடைசியில இருக்கு, காத்துதான் வரும். வால்வு திறக்கிறவரைக் கேட்டா "மேல பேசுங்க"ம்பார். மேல இருக்கிறவருக்கு எங்க தெரு ஓட்டு யாருக்கு விழுந்துச்சுன்னு நல்லாத் தெரியும். எங்கம்மா ராத்திரி குடத்தோட உக்காந்திருப்பாங்க, காலையில நூறு நாள் வேலைக்கும் போகணும்.

சூளகிரி விவசாயி:
தம்பி, இங்க குழாய்ச் சண்டையே இல்ல, ஆழச் சண்டை. 1990லேர்ந்து பம்புசெட்டுக்கு எல்லாருக்கும் கரண்ட் இலவசம். அதைக் குறை சொல்ல மாட்டேன், எங்க தக்காளியே அதுலதான் விளையுது. ஆனா கரண்ட்தான் இலவசம், துளை இலவசம் இல்லையே. போர் போட வர்ற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு அடிக்கு இவ்வளவுன்னு காசு எண்ணி வைக்கணும். வசதி உள்ளவர் ஆயிரம் அடி தாண்டிப் போயிட்டார், அப்பா வெட்டின கிணறு எங்களுக்கு வத்திப்போச்சு. மாட்டை வித்து நாங்களும் ஒண்ணு போட்டோம், புகைதான் வந்துச்சு. ஏரி நிரம்புனா கிணறு ஊறும். ஏரிக்கு வர்ற ஓடையில பிளாட் போட்டு வித்தாச்சு. தட்டிக் கேட்க வேண்டியவங்களுக்கே அதுல ரெண்டு மனை.

அந்த ஆயிரம் அடிக்காரர் இப்ப விவசாயமே பண்றதில்ல. அவர் போர்லேர்ந்து டேங்கர் ஓசூர் அப்பார்ட்மென்டுக்குப் போகுது. என் பையன்தான் டிரைவர்.